சத்தம் கேட்டு ஓடியவன்

நூறு மீட்டர் ஓட்டத்தில் மூன்று ஆண்டுகள் தொடர்ந்து சாம்பியனாக இருந்தவனை எல்லோரும் ‘தோட்டா’ என்றே கூப்பிட்டார்கள். அந்த வேகத்தை நம்பித்தான் ஒரு கால்பந்துக் கிளப் அவனை ஒரு பருவத்துக்குச் சோதனையாக எடுத்தது. தேறினால் ஒப்பந்தம்; இல்லையென்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான். அதற்காக நிரந்தர அலுவலக வேலையை உதறிவிட்டு வந்தான்.

“பந்த உதைக்கத் தெரியுமாடா உனக்கு?” என்றாள் தையல்காரியான அவன் அக்கா, மிஷினை நிறுத்தாமலே.

“பந்துகிட்ட மொதல்ல போய்ச் சேர்றவன் நான்தானேக்கா. மிச்சத்தக் கத்துக்கலாம்.”

முதலில் போய்ச் சேர்ந்ததுதான் வம்பாயிற்று. சக ஆட்டக்காரன் பந்தை உதைக்கும் கணத்தில் எதிரணியின் கடைசித் தடுப்பாளரைத் தாண்டி நின்றால் ஆஃப்சைடு. தோட்டாவோ, பின்னாலிருந்து பந்து தருபவன் காலை ஓங்குவதைப் பார்த்ததுமே பறந்துவிடுவான். உடனே கோட்டோர நடுவரின் கொடி ஏறும். அடித்த கோலெல்லாம் செல்லாமல் போயின.

“அண்ணே, பஸ்ஸே இன்னும் கெளம்பல, நீங்க எறங்கிட்டீங்களே!” என்று கூட்டம் கூவியது.

பருவத்தில் ஒரே ஓர் ஆட்டம் மிச்சமிருந்தபோது பயிற்சியாளர் தனியே அழைத்தார். “இதுலயும் கொடி ஏறிச்சுன்னா உனக்காக நான் பேச முடியாது, தம்பி.”

“ஏறாது சார்” என்றான். எப்படி என்று அவனுக்கே தெரியவில்லை.

வீட்டில் அக்கா கேட்டாள்: “ஓட்டத்துல ஒரு தடவகூட நீ முந்திக் கெளம்பினதில்லையே. இங்க மட்டும் என்னடா அவசரம்?”

“அங்க நான் யாரையும் பாக்கறதில்லக்கா. தலையக் குனிஞ்சுக்குவேன். துப்பாக்கி சத்தம் கேட்டாத்தான்...”

பாதியில் நிறுத்தினான். சட்டென்று எழுந்து காலணியைத் தேடினான்.

நடுக்களத்திலிருந்து அவனுக்குப் பந்து தருபவன் அணியிலேயே வயதில் மூத்தவன், பட்டப்பெயர் ‘பெருசு’. அவனைத் தோட்டா மைதானத்துக்கு இழுத்து வந்தான்.

“இனிமே உன் கால நான் பாக்க மாட்டேன்.”

“அப்புறம் எதப் பாப்பே? சினிமாவா?”

“கேப்பேன். பந்துல கால் படுற சத்தம் வந்தாத்தான் கெளம்புவேன். நீ ஓங்கி உதை.”

“மண்டையில விழுந்தா என்னச் சொல்லாத.”

முதலில் மண்டையில்தான் விழுந்தது. இருட்டுவதற்குள் சரியாயிற்று.

கடைசி ஆட்டத்தில் இரு பக்கமும் கோல் இல்லை. கூட்டம் காது கிழியக் கத்தியது. அரங்கமே அலறினாலும் துப்பாக்கிச் சத்தத்தை மட்டும் பிரித்தறிந்து பழகிய காது அது. தோட்டா பெருசுக்கு முதுகைக் காட்டி, தடுப்பாளரின் தோளோடு தோளாக நின்றான். தலையைக் குனிந்தான். தடுப்பாளர் சிரித்தார்.

‘டம்’ என்று கேட்டது.

சிரித்தவர் திரும்புவதற்குள் தோட்டா போய்விட்டான். கொடி ஏறவில்லை. தரையில் பட்டு எம்பிய பந்தைப் பிடிக்கக் கோல்கீப்பரும் ஓடிவந்தார். காலைத் தூக்க நேரமில்லை. ஓட்டப்பந்தய முடிவில் எல்லைக் கயிற்றை நெஞ்சால் தொடுகிற பழைய பழக்கத்தில் தோட்டா நெஞ்சை முன்னே தள்ளினான். பந்து நெஞ்சில் பட்டு, கோல்கீப்பரின் தலைக்கு மேலே போய் வலைக்குள் விழுந்தது.

மறுநாள் தையல் மேசையில் துணிகளை ஒதுக்கி ஒப்பந்தத்தை விரித்தான்.

“காலால ஆடுற ஆட்டம்னு சொன்னாங்க. நீ நெஞ்சால இடிச்சுட்டு வந்திருக்கே” என்றாள் அக்கா.

“அது வரைக்கும் கொண்டுபோய்ச் சேத்தது காலுதானேக்கா? பேனாவக் குடு.”