நந்தியாவட்டையை மொட்டையடித்த மகாராஜா

இன்று காலை எங்கள் வெள்ளவத்தை பிளாட்டின் பல்கனியில் ஒரு பெருவனம் அழிந்தது.

மனைவி பிள்ளையாருக்குப் பூப் பறிக்கும் நந்தியாவட்டைச் சாடியில் ஓர் இலைகூட மிச்சமில்லை. தண்டில் ஒரு பச்சைப் புழு, என் பெருவிரலைவிடப் பருமனாக வீற்றிருந்தது. வாலில் கொம்பு. முன்பக்கம் இரண்டு நீலக் கண்கள்.

“ஐயோ, பாம்புக்குட்டியப்பா! அடிச்சுக் கொல்லுங்கோ!”

“இண்டைக்கு வெள்ளிக்கிழமை. மச்ச மாமிசமே தொடாத நாளில கொலை செய்யச் சொல்லுறீரோ?”

மனைவி யோசித்தார். “சரி. நாளைக்கு விடியுமட்டும்தான் அதுக்கு உயிர்.”

படமெடுத்து, வாட்ஸ்அப் தோட்டக்காரர் குழுவில் போட்டேன். ஒரு புண்ணியவதி உடனே பதில் போட்டார்: “அலரி அந்துப்பூச்சியின்ர புழு அண்ணை. அது கண்ணில்லை, வெருட்டுறதுக்கு இருக்கிற புள்ளி. கடிக்காது.” கூடவே, வளர்ந்த பூச்சியின் படம். பச்சையும் ரோசாவும் கலந்த பட்டுச்சேலைதான்!

மனைவி அதை நெடுநேரம் பார்த்தார்.

“இவ்வளவு வடிவா வரப்போறதைக் கொல்லுறதோ? அது சரி, இனி என்னத்தைத் தின்னும்?”

அங்கேதான் உலகம் இருண்டது. மாடி மாடியாக ஏறிக் கதவு தட்டினேன்.

“நந்தியாவட்டை நிக்குதோ?”

“பூவோ அண்ணை?”

“இல்லை, இலை.”

கதவைச் சாத்திவிட்டார்கள்.

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி வாழ் வள்ளல்களே! பிள்ளையார் பூவில்லாமல் பொறுப்பார். இவர் இலையில்லாமல் பொறுக்கமாட்டார். ஒரு கிளை தாருங்கள், நானே வந்து எடுக்கிறேன். வெறும் புள்ளிதானாம், ஆனாலும் அந்த இரண்டு கண்ணும் என்னையே பார்க்கின்றன.