தண்ணீர் குடிக்காத அத்தை

“எங்க மூத்திரத்த வாங்கிட்டுப் போயி என்னத்தடி கண்டுபிடிக்கப் போற?” என்று சிரித்தாள் அத்தை. அவளுக்கு உப்பூர் பக்கத்து உப்பளத்தில் வேலை. எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். உப்பளப் பெண்களின் சிறுநீரகம் பற்றிய ஆய்வில் பேராசிரியை என்னையும் சேர்த்துக்கொண்டதில் எனக்குப் பெருமை.

“வேலைல எவ்வளவு தண்ணி குடிப்பீக, அத்தை?”

“குடிக்கிறதே இல்ல. அங்கன ஒதுங்க மறைவு ஏது? வெத்தலையப் போட்டுக்கிட்டா தாகம் தெரியாது.”

அத்தையின் பரிசோதனை முடிவைப் பார்த்ததும் மதுரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகச் சொன்னார் பேராசிரியை. இரண்டு சிறுநீரகங்களும் கெட்டிருந்தன. ஐப்பசியில் இறந்துவிட்டாள்.

பெண்கள் நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும் என்று ஆய்வறிக்கையை முடித்திருந்தார் பேராசிரியை.

“குடிச்சா ஒதுங்க எங்க போவாங்க, மேடம்?” என்று கேட்டேன். அந்த வரியை மாற்றாமலே அவர் பேனாவை மூடி வைத்துவிட்டார்.

இனி எது கட்டினாலும் அத்தைக்கு உதவாது. ஆனாலும் நேற்று உப்பள முதலாளியைப் பார்த்து, பெண்களுக்குக் கழிப்பறை கேட்டுவிட்டு வந்தேன்.