எண்பத்திரண்டின் மேலே இருந்த தலைப்பு

எண்ணைப் பார்ப்பதற்கு முன் அவள் தலைப்பைத்தான் பார்ப்பாள். அட்டவணையின் ஒவ்வொரு பத்திக்கும் மேலே விரலை வைத்து, உதடசையப் படித்து முடித்த பிறகே கண் கீழே இறங்கும். குடிநீர்ப் பரிசோதனை அலுவலகத்தில் கணினி வேலை. குழாய்த் தண்ணீரின் முடிவுகள் நூற்றுக்கணக்கில் வரும். அவற்றைப் பகுதிவாரியாகப் பிரித்துச் சராசரியும் உச்சமும் எடுக்கிற புரோகிராம் அவள் பொறுப்பு. வீட்டில் அவள் பெயர் ‘சின்னது’. அலுவலகத்தில் ‘பேர் வைக்கிறவங்க’.

அந்தப் பட்டம் போன வருடம் வந்தது. அவளுக்கு முன்னால் இருந்தவர், முதல் பத்தி கடினத்தன்மை, அடுத்தது நைட்ரேட் என்று தலைப்புகளைக் கையால் அடித்து வைத்துவிட்டுப் போயிருந்தார். அதை எடுத்துவிட்டு அவள் ஒரே ஒரு வரி எழுதினாள். தையல் கடை வைத்திருக்கும் அக்காவுக்கும் அது புரிந்தது.

“பேர் நான் வைக்கலக்கா. வர்றப்பவே அதுக்கு ஒரு பேர் இருக்கு. அதோட ‘சராசரி’ன்னு மட்டும் ஒட்டிக்கச் சொல்லிட்டேன். எந்த வரிசைல வந்தாலும் அததோட பேர் அததுகூடவே போகும்.”

தலைப்பு நீளமாக இருக்கிறது, பார்க்க லட்சணமாக இல்லை என்று அதிகாரி பழையதையே திரும்ப வைக்கச் சொல்லிவிட்டார்.

அவள் கோபப்பட்டால் கத்தமாட்டாள். கண்ணாடியைக் கழற்றித் துடைப்பாள். இன்று காலையிலிருந்து நாலு தடவை துடைத்தாயிற்று.

ஆய்வகத்துக்கு வந்த புது இயந்திரம் நைட்ரேட்டை முதலில் தருகிறது. பத்திகளின் எண்ணிக்கை மாறாததால் புரோகிராம் வாய் திறக்கவில்லை. கிழக்குப் பகுதியின் நைட்ரேட், எண்பத்திரண்டு, கடினத்தன்மைக்குக் கீழே போய்ச் சமர்த்தாக உட்கார்ந்துகொண்டது. இடம் மாறிய கடினத்தன்மை நாற்பதைத் தொடாததால், நைட்ரேட்டுக்குக் கீழே அதுவும் வரம்புக்குள்ளேயே தெரிந்தது. கடினத்தன்மை எண்பத்திரண்டு என்றால் நல்ல தண்ணீர். நைட்ரேட் எண்பத்திரண்டு என்றால் கைக்குழந்தைக்குப் பால்மாவு கரைக்கக் கூடாத தண்ணீர். இரண்டு வாரமாக அப்படியே அறிக்கை போயிருக்கிறது. இரண்டு வாரமும் அவள் விரல் வைத்துத்தான் படித்தாள். அதுதான் அவளுக்கு ஆறவில்லை. இன்று வேறெதற்கோ ஆய்வகத்தின் மூலக் கோப்பைத் திறந்தபோதுதான் கண்ணில் பட்டது.

அதிகாரியின் மேசையில் மூலக் கோப்பின் தாளையும் அறிக்கையின் தாளையும் அருகருகே வைத்தாள். அவர் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி அவள் பக்கம் நகர்த்தினார்.

“போனது போகட்டும்மா. இந்த வாரத்துலேர்ந்து உங்க இஷ்டப்படி முழ நீளத்துக்குப் பேர் வையுங்க. பழசைத் தோண்டினா பதில் சொல்லப்போறது நான்.”

“பதிலை நீங்க சொல்லுங்க சார். பால் கரைக்கிறவங்ககிட்ட நான் சொல்றேன்.”

கிழக்குப் பகுதிச் சுகாதார நிலையத்தைக் கூப்பிட அவர் மேசைத் தொலைபேசிக்குக் கையை நீட்டினாள். அவர் உள்ளங்கையால் அதை அழுத்திக்கொண்டார். கொதிக்கிற பாத்திரத்தின் மூடியை எடுப்பதுபோல அவர் மணிக்கட்டை இரண்டு விரலால் தூக்கி, ஓரமாக வைத்துவிட்டு, எண்களை அழுத்தினாள்.