ஆட்டுக் காது

விருந்தில் வெந்த ஆட்டுத் தலையை யார் முன்னால் வைப்பது என்று எங்கள் கிர்கிஸ் ஊரில் யாரும் யோசிப்பதில்லை. ஊர்த் தலைவர் பெய்ஷெனுக்குத்தான். கத்தியைத் துணியில் இருமுறை துடைப்பார். ஒரு காதை அரிந்து, பக்கத்தில் இருக்கும் குழந்தைக்கு ஊட்டுவார். "பெரியவங்க சொன்னா காதுல வாங்கிக்கணும், கண்ணு." காது குழந்தைகளுக்குப் போவது அதற்காகத்தான்.

கை சுத்தமான மனிதர். ஊர்ப் பணத்தில் ஒரு சொட்டு டீசல் தொடமாட்டார். ஊர் வேலைக்குச் சொந்தக் குதிரையில்தான் போவார். கால்வாய்த் தண்ணீர் அவருடைய உருளைக்கிழங்குத் தோட்டத்துக்குக் கடைசியாகத்தான் வரும். கூட்டம் போடாமல் எதையும் முடிவு செய்யமாட்டார். கூட்டத்தில்தான் சங்கடம். யாராவது எழுந்து வாயைத் திறந்ததுமே போனைத் தடவிக்கொண்டு தலையாட்டத் தொடங்கிவிடுவார். "கேட்டுக்கிட்டேன், கேட்டுக்கிட்டேன்."

போன இலையுதிர் காலத்தில் மேய்ப்பர் அசானின் மனைவி காலிச்சா எழுந்தாள். அவர்கள் வீடு ஆற்றுக்கு அந்தப் பக்கம்.

"தம்பி, பாலத்துக் கட்டை உளுத்துப்போச்சு. மிதிச்சா மாவாக் கொட்டுது."

"கேட்டுக்கிட்டேன் அக்கா."

"எங்க கேட்ட? கண்ணு போன்ல இருக்கு. காதும் அங்கயே போயிடுச்சா?"

கூட்டம் சிரித்தது, நானும்தான். அந்தச் சிரிப்போடு பேச்சு முடிந்துவிட்டது.

பனி உருகி ஆறு பெருகியபோது, அசான் கடக்கையில் பாலம் ஒடிந்தது. அவரை உயிரோடு இழுத்துப் போட்டோம், இடுப்பு போயிற்று. இனி அவர் குதிரை ஏற முடியாது. மந்தை இந்த வருஷம் வேறு ஆளோடு மலைக்குப் போகிறது. மறுநாளே பெய்ஷென் புதுக் கட்டைகளைத் தானே சுமந்து வந்து போட்டார், யார் முகத்தையும் பார்க்காமல். அவரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எந்த முகத்தோடு கேட்பது? அன்றைக்குச் சிரித்தவர்கள்தானே நாங்கள். நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

உயிர் பிழைத்ததற்காகப் போன வாரம் அசான் வீட்டில் ஆடு அறுத்தார்கள். பெய்ஷென் கதவோரம், செருப்புகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். காலிச்சா தட்டைத் தூக்கிக்கொண்டு அங்கேயே வந்து, தலையை அவர் முன்னால் வைத்தாள்.

"எனக்கு வேணாம்க்கா. அசான் அண்ணனுக்கு வைங்க."

"ஊர்த் தலைவர் நீதானே, தம்பி. ஆறிடும், அறு."

அவள் குரலில் குத்தல் எதுவும் இல்லை. இருந்திருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

கத்தியைத் துடைத்தார். காதை அரிந்தார். காலிச்சாவின் பேத்தி வழக்கம்போல வாயைத் திறந்துகொண்டு காத்திருந்தாள். பெய்ஷென் அவளைப் பார்த்தார். பிறகு குனிந்து, அந்தக் காதைத் தன் வாயில் போட்டு மெல்லத் தொடங்கினார்.