பாப்பாக்கா சொன்ன பெயர்

பாப்பாக்கா, நான் பாசாரில் மீன் வாங்கிக்கொண்டிருந்தபோது, நீங்கள் இறந்துவிட்டீர்கள் என்று உங்கள் மகள் ஓடிவந்து சொன்னாள். மீனை அங்கேயே போட்டுவிட்டு வந்துவிட்டேன்.

இங்கே கூடியிருப்பவர்களில் அக்காவை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் மாதா கோவில் பீடத்துக்குப் பூ வைத்தவர் பாப்பாக்கா. என் வீட்டுக்காரர் சண்முகம் முருக பக்தர். ஞாயிறுதோறும் என்னைச் சைக்கிளில் கொண்டுவந்து விட்டு, பூசை முடியும்வரை வெளியே மரத்தடியில் நிற்பார். அக்காதான் அவருக்குக் கோப்பி கொண்டுபோய்க் கொடுப்பார்.

“உள்ள வாங்க தம்பி, எங்க சாமி கடிக்க மாட்டாரு லா.”

“எங்க சாமி கோவிச்சுக்குவாருக்கா” என்று இவர் சிரிப்பார்.

ஒரு நாள் என் வீட்டுக்காரரை லாரி மோதிக் கொன்றது. துக்கத்துக்கு வந்த உபதேசியார், “ஞானஸ்நானம் வாங்காமப் போயிட்டாரே, அணையாத நெருப்பாச்சே” என்று சொல்லிவிட்டுப் போனார். அதன் பிறகு அடுப்பு மூட்டும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

நவம்பரில் இறந்தவர்களுக்காக வீடு வீடாகச் செபமாலை சொல்வோம். முடிவில் அவரவர் வீட்டில் இறந்தவர்களின் பெயரைச் சொல்ல வேண்டும். நான் வாய் திறக்கவில்லை. பாப்பாக்கா உரக்க, “சண்முகம்” என்றார்.

உபதேசியார் திரும்பினார். “அவரு நம்ம ஆளு இல்லையேக்கா.”

“ஆண்டவருக்கு அவரத் தெரியுமா, தெரியாதா?”

“எல்லாரையும் தெரியும்.”

“அப்பறம் என்ன? தெரியாட்டியும் நாமதான சொல்லணும்? முடிங்க லா, கோப்பி ஆறுது.”

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு அழுகை வந்தது. பின்கட்டில் கோப்பை கழுவும்போது கேட்டேன்: “அப்ப நரகம் இல்லையாக்கா?”

“இருக்குன்னுதான் வேதம் சொல்லுது. இல்லன்னு சொல்ல நான் யாரு? ஆனா ஆண்டவரு நியாயமானவருன்னும் நம்புறேன். ரெண்டும் எப்படிச் சேரும்னு எனக்குப் புரியல புள்ள. புரியிற வரைக்கும் பேரச் சொல்லிக்கிட்டே இருப்பேன்.”

ஒவ்வொரு நவம்பரிலும் சொன்னார். மெல்ல மெல்ல நானும் சேர்ந்து சொன்னேன்.

நேற்று அக்காவின் அடக்கத்துக்கு வந்தவர்களில் பாதிப் பேர் எங்கள் கோவிலைச் சேராதவர்கள். பக்கத்து வீட்டுச் சீன அம்மா ஊதுபத்தியைக் கொளுத்திக்கொண்டு வந்துவிட்டார். சவப்பெட்டியருகே அதை எங்கே நடுவதென்று தெரியாமல் விழித்தார். உபதேசியாரே ஒரு பால் டின்னில் மண் அள்ளிக்கொண்டு வந்து வைத்தார். அந்தப் புகை மெழுகுவர்த்திகளுக்கு மேலே போயிற்று.

போய் வாருங்கள், அக்கா. அங்கே என் வீட்டுக்காரரைப் பார்த்தீர்களா? காணவில்லையென்றால், அவர் பெயரைச் சொல்லிக் கேட்காமல் நீங்கள் சும்மா உட்கார்ந்திருப்பீர்களா?