கோமாளி மீன் ஜோடி

காஞ்சிபுரத்துக்காரர்கள் நாங்கள் மீனைக்கூடப் புடவை மாதிரிதான் பொறுக்குவோம். கலர்மீன் கடையில், கல்யாணப் பரிசுக்காக, ஆரஞ்சு உடலில் வெள்ளை பார்டர் போட்ட இரண்டு கோமாளி மீன்களைக் காட்டி, “இதுல எது பொண்ணு?” என்று கேட்டேன்.

ரிப்பனைப் பல்லில் கடித்தபடி மகளுக்குச் சடை பின்னிக்கொண்டிருந்தார் கடைக்காரர். “ரெண்டுமே ஆணுதான் சார். எது பெருசாவுதோ அது பொண்ணா மாறிடும்.”

“பொண்ணு பாக்குற அலைச்சல் மிச்சம். அது செத்துட்டா?”

“கூட இருக்குற ஆணு பொண்ணாயிடும்.”

“நல்லவேளை, மனுசனுக்கு அந்த அவஸ்தை இல்ல” என்றேன், என் சாமர்த்தியத்தை நானே மெச்சியபடி.

அவர் ரிப்பனை எடுத்துச் சடை நுனியில் முடிந்தார். “இவ அம்மா செத்து ரெண்டு வருசம் ஆவுது சார்.”

புடவைக் கடையில் ஆயிரம் குறை காணும் என் கண்ணுக்கு, அந்தச் சடையில் ஒரு பிசகும் அகப்படவில்லை.