தகரக் குழாயில் வந்த கதை

புத்தளம் நகரத்தில் மூன்று மாடித் துணிக்கடை ஒன்றின் காற்றோட்டத்தைப் பராமரிப்பவர் நெய்னார். மன்னாரிலிருந்து சிறு பிள்ளையாக வந்து கரைத்தீவில் வளர்ந்தவர். துணித் தும்பு ஃபில்டர்களை அடைக்கும். பக்கத்துக் கடற்களப்பிலிருந்து வரும் உப்புக் காற்று இரும்பைத் தின்னும். உட்கூரைக்கு மேலே ஊர்ந்து போய் ஃபேன்களையும் காற்றுக் குழாய்களையும் சுத்தம் செய்வது அவருடைய வேலை.

ஃபேன் ஓடும்போது அங்கே வேறெதுவும் கேட்காது. நிறுத்திவிட்டால், கீழே பேசுவதைத் தகரக் குழாய் காதருகில் கொண்டுவந்துவிடும். பெரும்பாலும் விலைப் பேச்சு. நெய்னார் அதைக் கவனிப்பதில்லை.

ஒருநாள் விற்பனைப் பெண்கள் சாப்பிடும் அறைக்கு மேலே இருந்தார். கீழே றுஷ்னா தன் தோழி டெனிஷாவிடம் கதைத்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு வலிப்பு இருக்கிறது மாப்பிள்ள வீட்டு ஆக்களுக்குத் தெரியாது. மருந்து எடுக்கத் தொடங்கினதிலிருந்து வரல்ல. நிக்காஹ்வுக்கு முந்தி நானே அவர்கிட்டச் சொல்லிருவன்."

"ஓம், நீயே சொல்லு. வேற ஆள் சொல்லி அறியக் கூடாது," என்றாள் டெனிஷா.

றுஷ்னாவுக்குப் பேசியிருந்த மாப்பிள்ளை ஸப்ராஸின் தாய், நெய்னாரின் மனைவி ஸும்ராவுக்குப் பெரியும்மா மகள். அதனால்தான் தும்பு தட்டிக்கொண்டிருந்த அவருடைய கை நின்றது. இருமியிருக்கலாம், ஃபேனைப் போட்டிருக்கலாம். ஒன்றும் செய்யாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

பின்னேரம் தேத்தண்ணி குடிக்கும்போது, ஸப்ராஸின் கலியாணத்துக்கு உடுப்பு எடுப்பதைப் பற்றி ஸும்ரா கதைத்தாள். "பாவம் அந்தப் புள்ள," என்று நெய்னார் வாய்விட்டார். பிறகு அவள் விடவில்லை. வலிப்பைப் பற்றிச் சொன்னார்.

அடுத்த கிழமை சம்பந்தம் முறிந்தது.

"ஏன் போய்ச் சொன்ன? அந்தப் புள்ளயே சொல்ல இருந்தது," என்று நெய்னார் கேட்டார்.

ஸும்ரா அவரை நிமிர்ந்து பார்த்தாள். "அத நீங்க எனக்குச் சொல்லல்லயே."

அது உண்மை. பாதிக் கதையை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்தவர் அவர்தான்.

கடையில் றுஷ்னாவும் டெனிஷாவும் தனித்தனியே சாப்பிட்டார்கள். ஏணியைத் தூக்கிக்கொண்டு போன நெய்னாரை டெனிஷா படிக்கட்டில் மறித்தாள்.

"நாநா, நான்தான் கதைய வெளியில விட்டன் எண்டு றுஷ்னா நினைக்கிறாள். நான் ஒருத்தருக்கும் சொல்லல்ல. இனி இங்க இருக்க ஏலாது. சிலாபத்தில வேற வேல தேடுறன்."

"அப்படியா," என்று மட்டும் சொல்லிவிட்டு மேலே ஏறினார். ஃபேனின் பெல்ட்டைக் கழற்றியவர் அதைத் திரும்ப மாட்ட முடியாமல் மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். அல்லாஹ்விடம் பலமுறை மன்னிப்புக் கேட்டாயிற்று. ஆனால் அவனுடைய அடியானான மனிதனுக்குச் செய்த குற்றம் அந்த மனிதனிடமே மன்னிப்புக் கேட்காமல் தீராது. பெல்ட்டை அங்கேயே வைத்துவிட்டு இறங்கினார்.

றுஷ்னாவையும் டெனிஷாவையும் சாப்பாட்டு அறைக்கு அழைத்தார்.

"டெனிஷா சொல்லல்ல, தங்கச்சி. நான்தான் சொன்னன். அண்டைக்கு உங்களுக்கு மேல இருந்தன். எல்லாம் கேட்டன். வீட்ட போய் நோயைச் சொன்னன். நீங்களே சொல்ல இருந்ததச் சொல்லல்ல."

றுஷ்னா அண்ணாந்து உட்கூரையில் காற்று வரும் கம்பித் தட்டியைப் பார்த்தாள்.

"வெள்ளிக்கிழம அவர்கிட்டச் சொல்ல இருந்தன்," என்றாள். "வியாழக்கிழமயே அவங்கட வீட்டு ஆக்கள் வந்து முடிச்சிட்டாங்க."

"என்ன மன்னிச்சிருங்க."

"இப்ப ஏலாது, நாநா."

அவள் டெனிஷாவின் பக்கம் திரும்பி, நகர்ந்து இடம் விட்டாள். டெனிஷா தன் சாப்பாட்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டு வந்து அவளருகில் உட்கார்ந்தாள்.

அன்றே நெய்னார் ஸப்ராஸின் வீட்டுக்குப் போய் மீதிக் கதையையும் சொன்னார். "இனி என்ன? வேற இடத்தில சம்பந்தம் கதச்சாச்சு," என்றாள் தாய். ஸப்ராஸ் எழுந்து முற்றத்துக்குப் போனான். தனக்குக் கொடுத்த தேத்தண்ணியைக் குடிக்காமலே நெய்னார் எழுந்து வந்தார்.

டெனிஷா சிலாபத்துக்குப் போகவில்லை. நெய்னாரும் அந்த வேலையில்தான் இருக்கிறார். இப்போதெல்லாம் ஃபேனை நிறுத்துமுன் தட்டியருகே குனிந்து, "நான் மேல இருக்கிறன்," என்று குரல் கொடுக்கிறார். கீழே பேச்சு சட்டென்று நின்றுவிடும். அவர் இறங்கி வரும்வரை யாரும் வாய் திறப்பதில்லை.